இருமினால் சிறுநீர் கசிகிறதா? இடுப்புத் தளத் தசையை ஸ்கேனில் பார்க்கலாம்

சுசீந்திரம் மார்கழித் திருவிழாவில் ஒன்பதாம் நாள் தேரோட்டம். ரத வீதியில் நிற்க இடமில்லை. ஆண்களும் பெண்களுமாக வடம் பிடிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஓர் அக்காவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாற்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகள். வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். ஆனால் இழுக்கவில்லை. மெல்லப் பின்வாங்கிச் சுவரோரம் போய் நின்றுவிடுகிறார். கேட்டால் "முட்டு வலி" என்பார். உண்மைக் காரணம் வேறு. மூச்சைப் பிடித்து இழுத்தால் சேலை நனைந்துவிடும்.

இருமும்போது, தும்மும்போது, குடத்தைத் தூக்கும்போது, சிரிக்கும்போதுகூட சொட்டுச் சொட்டாகக் கசியும். சிலருக்குக் கசிவு இருக்காது. ஆனால் சாயங்காலம் ஆனால் 'கீழே என்னமோ இறங்கி நிக்குற மாதிரி' ஒரு பாரம். வீட்டில் பெரியவர்களிடம் சொன்னால் வரும் பதில் நமக்குத் தெரியும்: "மூணு பெத்தாச்சுல்லா, அப்படித்தான் இருக்கும்." அத்தோடு பேச்சு முடிந்துவிடும். பத்து வருடம், இருபது வருடம் அப்படியே ஓடிவிடும்.

இந்த மௌனத்துக்கு ஓர் அளவு நம் நாட்டிலேயே எடுத்திருக்கிறார்கள். மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதி, இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-ல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் ஒரு தடவையாவது அதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் சுமார் 8 சதவீதம் மட்டுமே. அது பல வகை நோய்களையும் சேர்த்த கணக்கு. ஆனால் 'சொல்லக் கூச்சம்' என்பது எல்லாவற்றுக்கும் பொது. அந்தக் கிராமத்துக்கும் நம்ம ஊருக்கும் இந்த விஷயத்தில் பெரிய தூரம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தக் கசிவுக்கும் பாரத்துக்கும் பெரும்பாலும் பின்னால் இருப்பது ஒரு தசை. அந்தத் தசையை இன்று ஊசி இல்லாமல், கதிர்வீச்சு இல்லாமல், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்க்க முடியும். அதுவும் அசையும் படமாக.

அங்கே என்ன இருக்கிறது?

பழைய சேலையில் கட்டிய தொட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு எலும்புக்கூட்டின் அடிப்பக்கத்தில் எலும்பு கிடையாது. அது திறந்த வளையம். அந்தத் திறப்பை மூடிக்கொண்டு, முன்னால் பூப்பெலும்பில் இருந்து (அடிவயிற்றுக்குக் கீழே கை வைத்தால் தட்டுப்படுமே, அந்த எலும்பு) பின்னால் வால் எலும்பு வரை தொட்டில்போல ஒரு தசை விரிப்பு தொங்குகிறது. இதுதான் இடுப்புத் தளம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றின் பாரத்தையும் கீழே இருந்து ஏந்திக்கொள்வது இந்தத் தொட்டில்தான்.

இது ஒரே தசை இல்லை, பல பட்டைகள் சேர்ந்தது. பெரும்பகுதிக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் லெவேட்டர் ஏனை. அதில் நாம் கவனிக்க வேண்டியது உள்பக்கப் பட்டை ஒன்று. பூப்பெலும்பின் ஒரு பக்கத்தில் தொடங்கி, மலக்குடலுக்குப் பின்னால் சுற்றி, திரும்ப மறுபக்க எலும்பில் வந்து சேரும். வயலில் கிளி விரட்டும் கவண் வார் மாதிரி வளைந்த வடிவம். அந்த வளைவுக்கு நடுவில் உள்ள இடைவெளி வழியாகத்தான் பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய், பிறப்புவழி, மலவாய் மூன்றும் வெளியே வருகின்றன. ஆண்களுக்கு இரண்டு. ஆம், இந்தத் தசை ஆண்களுக்கும் உண்டு. புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கசிவு வரும் ஆண்களுக்கும் இதே தசைக்குத்தான் பயிற்சி கொடுக்கிறார்கள்.

தசை சுருங்கினால் இடைவெளி இறுகும். மூன்று வழிகளும் முன்னால் எலும்பை நோக்கி இழுக்கப்படும். இருமல் வரும்போது வயிற்றுக்குள் அழுத்தம் எகிறுகிறது. அந்த நொடியில் தொட்டில் விறைத்து நின்றால் சிறுநீர்க்குழாய் அதன்மேல் அமுங்கி மூடிக்கொள்ளும். தொட்டில் தொய்ந்திருந்தால் குழாய் அமுங்குவதற்குக் கீழே கெட்டியான தரை இல்லை. தண்ணீர் ஓடும் ரப்பர் ஓஸைச் சிமெண்ட் தரையில் வைத்து மிதித்துப் பாருங்கள், தண்ணீர் நிற்கும். உழுத வயல் சேற்றில் வைத்து மிதித்தால் ஓஸ்தான் உள்ளே புதையும்.

தொட்டில் தொய்வது எப்படி? வயது, உடல் பருமன், ஓயாத இருமல், வருடக்கணக்கில் முக்கி மலம் கழிப்பது, பாரம் தூக்கும் வேலை என்று பல காரணங்கள். எல்லாவற்றையும்விடப் பெரியது பிரசவம். குழந்தையின் தலை அந்த இடைவெளி வழியாக வெளியே வர, உள்பட்டைத் தசை தன் நீளத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேலாக நீள வேண்டியிருக்கும் என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2004-ல் கணினி மாதிரி மூலம் கணக்கிட்டார்கள். உடலின் வேறு எந்தத் தசையாவது அப்படி இழுபட்டால் கிழிந்துபோகும். பெரும்பாலான பெண்களுக்கு இது கிழியாமல் மீண்டுவிடுகிறது என்பதுதான் ஆச்சரியம்.

சிலருக்கு மீளாது. தொட்டில் கட்டிய கொக்கியில் இருந்து ஒரு பக்க முடிச்சு அவிழ்ந்துபோவதைப்போல, தசை எலும்பில் இருந்தே கழன்றுவிடும். வெளியே தையல் போடும் காயம் அல்ல இது. மேலே தோல் எல்லாம் சரியாக இருக்கும், உள்ளே முடிச்சு போயிருக்கும். அதனால்தான் பிரசவ அறையிலேயே கண்ணில் படுவதில்லை. கெய்னி என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 1943-லேயே விரல் பரிசோதனையில் இதைக் கண்டு எழுதினார். பிறகு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட் இரண்டும் வந்து படமாகக் காட்டிய பிறகுதான் மறுபடி பேச்சு எழுந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஹான்ஸ் பீட்டர் டீட்ஸ் என்ற மருத்துவர் அல்ட்ராசவுண்டைக் கொண்டு இந்தத் துறையை வளர்த்ததில் முக்கியமானவர். பிறப்புவழியாகக் குழந்தை பெற்றவர்களில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இப்படித் தசை கழன்றிருப்பதாக வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவங்களில் இது அதிகம்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு 'அப்போ சிசேரியனே நல்லது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் ஏற்கெனவே சிசேரியன்தான். அறுவைக்கு அதற்கே உரிய சிக்கல்கள் உண்டு. கர்ப்பத்தின் பாரமே தசையைத் தளர்த்தும் என்பதால், சிசேரியன் ஆனவர்களுக்கும் கசிவு வரலாம். பிரசவ முறையை முடிவு செய்ய வேண்டியது உங்கள் மருத்துவர். கசிவு பயம் அல்ல.

சத்தத்தால் பார்ப்பது

வடசேரி சந்தையில் சக்கை வாங்குகிறவர் என்ன செய்வார்? உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார். பழுத்ததா, காயா என்று சத்தம் சொல்லிவிடும். தாணுமாலயன் கோயில் இசைத்தூண்களும் அப்படித்தான்: ஒரே கல்லில் செதுக்கியவை, ஆனால் ஒவ்வொரு சிறு தூணும் தட்டினால் ஒவ்வொரு விதமாக ஒலிக்கும். ஒரு பொருளைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சத்தத்தால் அறிகிற வித்தை நமக்குப் பழக்கம்தான்.

அல்ட்ராசவுண்ட் இதை வேறு மாதிரி செய்கிறது. நம் காதுக்கு எட்டுகிற உச்சம் நொடிக்கு 20,000 அதிர்வு. ஸ்கேன் கருவி அனுப்புவது நொடிக்குப் பல லட்சம் அதிர்வுள்ள ஒலி. அது உடலின் மென்மையான சதைக்குள் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் பாய்ந்து, ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்புகிறது. எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்பதை வைத்து எவ்வளவு ஆழம் என்று கணினி கணக்குப் போட்டுப் படம் வரைகிறது. சிறுநீர் போன்ற திரவம் கறுப்பாகத் தெரியும். எலும்பு வெள்ளையாக, அதன் பின்னால் நிழலோடு தெரியும். காற்று மட்டும் இதற்கு எதிரி. அதனால்தான் தோலுக்கும் கருவிக்கும் நடுவே குளிர்ந்த ஜெல் பூசுகிறார்கள்.

இந்தக் கருவியின் பூர்வீகம் மருத்துவமனை இல்லை, தொழிற்சாலை. உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் கருவியை வைத்துத்தான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட் 1955-ல் சோதனையைத் தொடங்கினார். 1958-ல் அவருடைய குழு லான்செட்டில் கட்டுரை வெளியிட்டது. அதன் பிறகு கருவில் இருக்கும் குழந்தையைப் பார்ப்பதே ஸ்கேனின் பெரிய வேலையாகிவிட்டது. குழந்தையைச் சுமந்த தசையின் பக்கம் அந்தக் கருவி திரும்ப முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. எனக்கென்னவோ இது தற்செயலாகத் தோன்றவில்லை.

ஸ்கேன் அறையில்

இதில் இரண்டு முறை இருக்கிறது. முதலாவது, வழக்கமான வயிற்று ஸ்கேன் போலக் கருவியை அடிவயிற்றில் வைத்துப் பார்ப்பது. இதற்குச் சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருக்க வேண்டும். தசையை இறுக்கும்போது சிறுநீர்ப்பையின் அடிப்பக்கம் மேலே எழும்புகிறதா என்று திரையில் தெரியும். உடையை முழுதாகக் களைய வேண்டாம் என்பதால் கூச்சம் குறைவு. பயிற்சி சொல்லித்தர இது போதும்; தசையின் காயத்தைப் பார்க்கப் போதாது.

இரண்டாவதுதான் முழு ஸ்கேன். பெரும்பாலும் வயிற்று ஸ்கேனுக்குப் பயன்படும் அதே வளைந்த முகக் கருவி. சுத்தமான உறை போட்டு, ஜெல் தடவி, தொடைகளுக்கு நடுவே வெளிப்புறமாக வைப்பார்கள். உள்ளே எதையும் செலுத்துவதில்லை. இதற்குத் தண்ணீர் குடித்துக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். 'ஸ்கேன்னா தண்ணி குடிக்கணும்' என்று நாம் பழகிவிட்டதால் இந்த இடத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். எந்த முறை என்று அழைப்புச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குதிகாலை உடம்பை ஒட்டி வைக்கச் சொல்வார்கள். மேலே போர்வை இருக்கும். பிறகு நான்கு வேலைகள்: சும்மா இருங்க, சிறுநீரை அடக்குகிற மாதிரி இறுக்குங்க, இருமுங்க, மலம் கழிக்கிற மாதிரி முக்குங்க. கடைசி வேலையில்தான் பலரும் தயங்குவார்கள், 'இங்க ஏதாவது ஆகிட்டா?' என்று. ஆனால் நன்றாக முக்கினால்தான் இறக்கம் தெரியும். அரைகுறையாக முக்கினால் படமும் அரைகுறைதான். அந்த அறையில் இருப்பவர்களுக்கு இது தினசரி வேலை. கசிந்தாலும் அதுவே அவர்களுக்குத் தேவையான தகவல்.

திரையில் முதலில் தெரிவது பக்கவாட்டு வெட்டுப் படம். ஒரு ஓரத்தில் முட்டை வடிவில் பூப்பெலும்பின் இணைப்பு. அதை ஒட்டிச் சிறுநீர்க்குழாய், அதற்கு மேல் சிறுநீர்ப்பை, அடுத்துப் பிறப்புவழி, மலக்குடல். மலக்குடல் வளையும் இடத்துக்குப் பின்னால் வெளிச்சமாகத் தெரியும் பட்டைதான் நம் தொட்டில். இறுக்கச் சொன்னால் அந்தப் பட்டை முன்னால் நகர்ந்து, சிறுநீர்ப்பையின் கழுத்து மேலே ஏற வேண்டும். முக்கச் சொன்னால் கழுத்து எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது, கருப்பையோ மலக்குடலோ எவ்வளவு கீழே வருகிறது என்று அளப்பார்கள்.

கர்ப்பகாலத்தில் குழந்தையின் முகம் காட்டும் முப்பரிமாணக் கருவி இருந்தால் இன்னொரு கோணம் கிடைக்கும்: தொட்டிலைக் கீழே இருந்து நிமிர்ந்து பார்ப்பதுபோல. முன்பு எம்ஆர்ஐ-யில் மட்டுமே கிடைத்த காட்சி இது. கவண் வடிவத் தசை முழுதாகத் தெரியும். முக்கும்போது நடு இடைவெளி எவ்வளவு விரிகிறது என்று அளந்து, 25 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போனால் அதிகமாக விரிகிறது என்பார்கள். அதாவது ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் கட்டம். தீப்பெட்டியின் மேல்பக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பிறகு அதே படத்தை இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் துண்டு துண்டாகப் பிரித்து, தசை எலும்போடு ஒட்டியிருக்கிறதா, கழன்றிருக்கிறதா என்று இடமும் வலமும் பார்ப்பார்கள். முடிச்சு அவிழ்ந்த பக்கம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

பார்த்து என்ன ஆகப்போகிறது?

நியாயமான கேள்வி. கழன்ற தசையைத் திரும்ப எலும்போடு தைத்துவிடலாமே என்றால், அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. பிறகு ஏன் பார்க்க வேண்டும்?

முதல் காரணம், பயிற்சி. அமெரிக்க மருத்துவர் ஆர்னல்ட் கெகல் 1948-ல் இந்தத் தசைக்கான பயிற்சியை எழுதினார். இன்றும் அவர் பெயரில்தான் யூடியூப் முழுக்க வீடியோ கிடக்கிறது. பயிற்சி உண்மையிலேயே பலன் தருகிறது. இருமினால் கசியும் பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2018-ல் வெளியிட்ட அறிக்கையில், பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 சதவீதம் பேர்தான். மாத்திரை இல்லாமல், செலவில்லாமல் இவ்வளவு வித்தியாசம்.

ஆனால் சரியாகச் செய்தால்தான். 1991-ல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு வாயால் மட்டும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் பாதிப்பேர். நான்கில் ஒருவர், கசிவை மேலும் கூட்டக்கூடிய விதத்தில் செய்துகொண்டிருந்தார். உள்ளே இழுக்க வேண்டியதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள்! கண்ணுக்குத் தெரியாத தசை, கையால் தொட்டுப் பார்க்கவும் கூச்சம். தப்பாகச் செய்வது தெரியவே தெரியாது. திரையில் பார்த்தால் அரை நிமிடத்தில் புரிந்துவிடும். 'இப்ப ஏறுது பாருங்க, இப்ப இறங்குது' என்று காட்டினால் உடம்பு பிடித்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால் இந்த ஸ்கேனின் பெரிய உபயோகமே இதுதான்.

இரண்டாவது, அறுவை சிகிச்சைக்கு முன்னால். கருப்பையோ சிறுநீர்ப்பையோ இறங்கியிருந்து அறுவை செய்யப் போகிறவருக்குத் தசை கழன்றிருந்தால், அறுவைக்குப் பிறகு மறுபடி இறங்குவதற்கான வாய்ப்பு அதிகம். முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்ற முறையை யோசிப்பார். நீங்களும் தெரிந்து சம்மதிப்பீர்கள். 'ஆபரேசன் பண்ணியும் திரும்ப வந்துட்டே' என்று பிறகு தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். அறுவை வேண்டாம் என்பவர்களுக்கு உள்ளே வைக்கும் வளையம் இருக்கிறது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டவும் சொல்லித்தருவார்கள்.

மூன்றாவது காரணத்தை எந்த மருத்துவப் புத்தகத்திலும் பெரிதாகப் போட மாட்டார்கள். 'எல்லாம் உன் மனப்பிரமை' என்று வருடக்கணக்கில் கேட்டவருக்கு, இதோ இங்கே கழன்றிருக்கிறது என்று படம் சொல்வது ஒரு சாட்சி.

அதற்காக எல்லோரும் ஓடிப்போய் எடுக்க வேண்டிய ஸ்கேன் அல்ல இது. இருமினால் மட்டும் கசிகிறது, வேறு தொந்தரவு இல்லை என்றால் மருத்துவரின் சாதாரணப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் மூன்று மாதப் பயிற்சியுமே முதல் படி. ஸ்கேனில் கொஞ்சம் இறக்கம் தெரிந்து, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் ஏராளம். படத்துக்கு வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை.

பயிற்சியை எப்படிச் செய்வது? சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே, மேலே இழுங்கள். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. சில நொடி பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 8 முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். போனில் மூன்று அலாரம் வைத்தால் போதும். பேருந்தில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம்.

சுசீந்திரத்தில் இருந்து எங்கே போவது?

முதலில் போனை எடுங்கள். மூன்று நாளுக்கு ஒரு கணக்கு எழுதுங்கள்: எத்தனை மணிக்குச் சிறுநீர் போனீர்கள், எத்தனை டம்ளர் தண்ணீர், டீ குடித்தீர்கள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். நோட்ஸ் செயலியில் எழுதலாம். எழுத நேரமில்லையென்றால் உங்கள் குரலிலேயே பதிந்துகொள்ளலாம். மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்ததும் வார்த்தை வராது. அப்போது இந்தக் கணக்கை நீட்டினால் பாதி வேலை முடிந்தது.

நேரில் போகத் தயக்கமா? 104-ஐ அழைத்து மருத்துவ ஆலோசனை கேட்கலாம். மத்திய அரசின் இ-சஞ்சீவனி செயலியில் வீடியோ வழியாக மருத்துவரிடம் பேசலாம். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டியதில்லை, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர் என்றால் வழி இன்னும் சுலபம். ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போகும்போது, அல்லது கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது, 'கசியுது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தடுப்பூசிக் கணக்கு எழுதுவதோடு அதையும் குறித்துக்கொள்வார். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்து, நேரில். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிப் பரிந்துரைச் சீட்டு வாங்கலாம். அல்லது நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் நோய்ப் புறநோயாளிகள் பிரிவுக்குக் காலையிலேயே போகலாம். சுசீந்திரத்தில் இருந்து நகரப் பேருந்தில் அண்ணா பேருந்து நிலையம் போய், அங்கே மாற வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு விடியல் பயணம் இலவசம். ஆதாரை வைத்து எடுக்கும் 14 இலக்க ஆபா எண் போனில் இருந்தால், க்யூஆர் பலகை வைத்திருக்கும் மருத்துவமனைகளில் அதை ஸ்கேன் செய்து பதிவுச் சீட்டு வாங்கலாம். வரிசை கொஞ்சம் குறையும். ரிப்போர்ட்டையும் அதிலேயே சேமிக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வைக்க வேண்டிய படம் இல்லை இது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது: 'எனக்கு இடுப்புத் தள ஸ்கேன் தேவையா? பயிற்சியை நான் சரியாகச் செய்கிறேனா என்று யார் பார்ப்பார்கள்?' எல்லா ஸ்கேன் மையத்திலும் இதைச் செய்வதில்லை. இதற்கென்று பழகியவர் வேண்டும். 'அடிவயிறு ஸ்கேன் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல்' என்று ஏற்கெனவே ஒரு ரிப்போர்ட் இருந்தால், அது கருப்பையையும் சினைப்பையையும் பார்த்த ஸ்கேன். இந்தத் தசையைப் பார்த்த ஸ்கேன் அல்ல.

பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று தோன்றினால் கேளுங்கள், தப்பில்லை. இந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலத்திலேயே, 1938-ல், மேரி பூனன் லூக்கோஸ் என்ற பெண் மருத்துவர் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரலாக இருந்தார். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனையையும், திருவனந்தபுரத்தில் எக்ஸ்ரே, ரேடியம் நிலையத்தையும் தொடங்கியவர் அவர்தான். பரிசோதிப்பவர் ஆணாக இருந்தால் இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இது எழுதப்பட்டிருக்கிறது. ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குவதும் அப்படியே.

வெளியே தனியார் மையத்தில் எடுப்பதாக இருந்தால் சுவரைப் பாருங்கள். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஸ்கேன் கருவி இருக்கும் மையம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும். உங்கள் ஸ்கேனுக்கும் கர்ப்பத்துக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் சான்றிதழ் இல்லாத இடத்தில் எந்த ஸ்கேனும் வேண்டாம். 'வீட்டுக்கே மெஷின் கொண்டுவந்து எடுத்துத் தர்றோம்' என்று போனில் வரும் விளம்பரத்துக்கும் இதே பதில்தான்.

நடக்க முடியாத பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. கசிவு இருப்பதை அவரிடமும் சொல்லலாம். அறுவை சிகிச்சை என்று முடிவானால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். அல்லது 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் மூன்று நாள் கணக்கு, பயிற்சி என்று காத்திருக்கக் கூடாது. சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல் என்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் அடியோடு வராமல் அடைத்துக்கொண்டாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போய்க் கால் பலமிழந்தாலோ உடனே 108.